முற்றிய புராஸ்டேட் புற்றுநோயும் வைத்தியச் செலவும்

சூலியா தெருவிலும் சுற்றுப்புறத்திலும் வாணிபம் செய்யும் நம்மவர், வரவு செலவுக்குப் பேரேடு வைத்துப் பார்ப்பவர்கள். ஆனால் வீட்டுப் பெரியவருக்குப் புற்றுநோய் என்று அறிந்ததும் அந்தக் கணக்கு மறந்துபோகிறது. முதல் பில்லுக்கே கையிருப்பு முழுவதையும் கட்டிவிடுகிறோம். புராஸ்டேட் புற்றுநோய் எலும்புக்குப் பரவிய பின்னும் பலர் ஆண்டுக்கணக்கில் வாழ்கிறார்கள். ஆகவே இது தொடர்ந்து வரும் செலவு என்பதை முதலில் மனத்திற் கொள்ளவேண்டும்.

ஆண் சுரப்புநீரைக் குறைத்தால் இந்நோய் அடங்கும் என்பதை 1941ல் டாக்டர் சார்லஸ் ஹக்கின்ஸ் காட்டினார். 1966ல் நோபல் பரிசும் பெற்றார். இன்றும் அடிப்படை வைத்தியம் அதுவே. அதற்கு வழி இரண்டு. ஒன்று, மாதத்துக்கோ மூன்று மாதத்துக்கோ ஒரு முறை ஊசி. மற்றொன்று, விரைகளை அகற்றும் சிறு அறுவை. நோயை அடக்குவதில் இரண்டும் ஏறக்குறையச் சமமே. ஊசிச் செலவு தொடரும், வேண்டுமானால் நிறுத்தலாம். அறுவைக்கு ஒரு தடவைதான் செலவு; ஆனால் மீட்க இயலாது. வெட்கப்பட்டு இதைக் கேளாமல் இருப்பது நன்றன்று.

இத்துடன் அபிராட்டெரோன் மாத்திரை சேர்த்தால் ஆயுள் நீடிக்கும் என்று 2017ல் வெளியான ஆய்வுகள் காட்டின. பல கம்பெனிகள் அதைத் தயாரிக்கின்றன. விலை குறைந்தது தகுமா என்று டாக்டரைக் கேட்கலாம்.

இன்ஷூரன்ஸ் அல்லது தக்காஃபுல் பத்திரத்தில் மூன்று விஷயங்களைப் பார்க்கவேண்டும்: ஆண்டு உச்சவரம்பு எவ்வளவு? ஆஸ்பத்திரியில் தங்காமல் பெறும் ஊசி, மாத்திரைக்குப் பணம் உண்டா? நம் கையிலிருந்து கட்டும் பங்கு எவ்வளவு? சந்தா ஏறியதென்று பத்திரத்தைக் கைவிடலாகாது. நோய் கண்டபின் புதிய பத்திரம் கிடைப்பது அரிது. குறைந்த திட்டத்துக்கு மாறலாமா என்று முதலில் விசாரிக்கவேண்டும். பணம் மறுக்கப்பட்டால் காரணத்தை எழுத்தில் பெற்று, கம்பெனியிடம் முறையிட்டும் தீராவிடில், 2025 ஜனவரி முதல் இயங்கும் நிதிச் சந்தை ஓம்புட்ஸ்மன் அலுவலகத்துக்குச் செல்லலாம், கட்டணமில்லை.

பத்திரமே இல்லாதவரும் மனந்தளர வேண்டியதில்லை. பினாங்குப் பொது ஆஸ்பத்திரியில் புற்றுநோய்ப் பிரிவு உண்டு. அரசாங்க ஆஸ்பத்திரியில் நிபுணரைக் காணப் பிரஜைகளுக்குப் பொதுவாக 5 வெள்ளிதான். குறைந்த வருமானமுள்ளோர்க்கான பேக்கா பி40 திட்டத்தில், புற்றுநோய் வைத்தியத்தை முடிப்போருக்கு 1,000 வெள்ளி வரை ஊக்கத்தொகை உண்டு. தகுதியுள்ளோர் ஜகாத் உதவிக்கும் மனுச் செய்யலாம். அது ஏழைக்குரிய பங்கு, கேட்பதில் இழிவில்லை.

தனியார் ஆஸ்பத்திரியில் தொடங்கிப் பணமின்றிப் பாதியில் நிறுத்துவதைவிட, இறுதிவரை தாங்கக்கூடிய வைத்தியத்தை முதலிலேயே தேர்வதே விவேகம். கையெழுத்திடுமுன் ஓராண்டுச் செலவை எழுதித் தரக் கேட்போமாக.