வெண்டை: விதை முதல் அறுவடை வரை

வெண்டை நம் நாட்டின் எல்லாப் பகுதிகளிலும் பயிராகும் காய்கறியாகும். உலகில் விளையும் வெண்டைக்காயில் பெரும்பகுதி இந்தியாவிலேயே விளைகிறது. பருத்தி, செம்பருத்தி, பூவரசு ஆகியவற்றின் குடும்பத்தையே இதுவும் சேர்ந்தது. பருத்தியைத் தாக்கும் பூச்சிகளில் பல வெண்டைக்கும் பகையாக இருப்பதற்கு இவ்வுறவே காரணம். சிறு விவசாயிக்கு ஒன்றரை மாதத்தில் பணம் தரத் தொடங்கும் பயிர் இது. ஆனால் தொடக்கத்தில் கவனம் தவறினால் முழுவதும் பாழாகக்கூடிய பயிரும் இதுவே.

பருவமும் நிலமும்

வெண்டை வெப்பத்தை விரும்புவது. மண்ணின் வெப்பம் 17 டிகிரி சென்டிகிரேடுக்குக் குறைந்தால் விதை செவ்வனே முளைப்பதில்லை. பகல் வெப்பம் 42 டிகிரியைத் தாண்டினால் பூக்கள் உதிர்கின்றன. எனவே வட இந்தியச் சமவெளியில் பிப்ரவரி, மார்ச் மாதங்களில் ஒரு முறையும், மழைப் பருவமாகிய ஜூன், ஜூலை மாதங்களில் ஒரு முறையும் விதைக்கின்றனர். குளிர் கடுமையாக இல்லாத தென்னாட்டில் பருவம் இவ்வளவு குறுகியதன்று.

வடிகால் வசதியுள்ள எந்த மண்ணிலும் வெண்டை வளரும். நீர் தேங்கும் நிலம் மட்டும் ஆகாது. ஆணிவேர் ஆழமாக இறங்குவதால் நிலத்தை மூன்று நான்கு முறை உழுது பொலபொலப்பாக்க வேண்டும். கடைசி உழவின்போது ஹெக்டேருக்கு 25 டன் மக்கிய தொழு உரம் இடுதல் நன்று. மண் பரிசோதனை செய்யாத இடத்தில் அடியுரமாகத் தழைச்சத்து 20 கிலோ, மணிச்சத்து 50 கிலோ, சாம்பல் சத்து 30 கிலோ இடலாம். விதைத்த 30-ஆம் நாள் மேலுரமாக மேலும் 20 கிலோ தழைச்சத்து இட்டு மண் அணைக்க வேண்டும்.

விதையும் விதைப்பும்

வெண்டை விதையின் தோல் தடித்தது. ஓரிரவு நீரில் ஊற வைத்து, நிழலில் உலர்த்தி விதைத்தால் ஒரே சீராக முளைக்கும். நாற்றுவிட்டுப் பிடுங்கி நடும் முறை இதற்கு ஏற்றதன்று. ஆணிவேர் அறுபட்டால் செடி தேறுவது அரிது.

வரிசைக்கு வரிசை 45 சென்டிமீட்டரும், செடிக்குச் செடி 30 சென்டிமீட்டரும் இடைவெளி விட்டு, குழிக்கு இரண்டு விதை வீதம், 2 முதல் 3 சென்டிமீட்டர் ஆழத்தில் ஊன்ற வேண்டும். இவ்விடைவெளியில் ஹெக்டேருக்கு ஏறத்தாழ 74,000 குழிகள் அமையும். ஆயிரம் விதைகளின் எடை சுமார் 60 கிராம் எனக் கொண்டால், தேவைப்படும் விதை ஏறக்குறைய 9 கிலோ. இதனை மாணவர்களைக் கொண்டே கணக்கிடச் செய்யலாம். செடி குறைந்த உயரமே வளரும் கோடையில் இடைவெளியைக் குறைப்பதால் விதை அதிகம் வேண்டும். பத்து நாட்களுக்குப் பின் குழிக்கு ஒரு வலுவான செடியை நிறுத்தி மற்றதைக் களைந்துவிட வேண்டும்.

கோடையில் நான்கைந்து நாட்களுக்கு ஒரு முறை நீர் பாய்ச்ச வேண்டியிருக்கும். மழைக்காலத்தில் வடிகாலே முக்கியம். முதல் நாற்பது நாட்கள் களையின்றிக் காக்க வேண்டும்.

மஞ்சள் நரம்பு நோய்

வெண்டைச் சாகுபடியின் வெற்றி தோல்வியை நிர்ணயிப்பது இந்நோயே. இது ஒரு வைரஸ் நோய். வெள்ளை ஈயால் பரவுவது. 1924-ஆம் ஆண்டிலேயே பம்பாய்ப் பகுதியில் இது கண்டறியப்பட்டது. முளைத்த ஐந்து வாரங்களுக்குள் நோய் கண்ட செடியிலிருந்து விளைச்சல் ஏறக்குறைய எதுவும் கிடைப்பதில்லை. காய் பிடித்த பின் தாக்கினால் இழப்பு குறைவு. ஆகவே முதல் ஐந்து வாரங்களில் வாரம் இரு முறை வயலைப் பார்வையிட வேண்டும்.

மஞ்சள் நிறத்தைக் கண்டவுடன் உரக்குறை என்று எண்ணி மேலும் யூரியா இடும் விவசாயிகள் உண்டு. பணமும் நாளும் வீணாவதுடன், நோயுற்ற செடி வயலிலேயே நின்று மற்றவற்றுக்கும் நோயைத் தருகிறது. ஆதலால் பின்வரும் வேறுபாடுகளைக் களப்பணியாளர் நன்கு அறிந்திருத்தல் வேண்டும்.

1. மஞ்சள் நரம்பு நோயில் நரம்புகள் மஞ்சளாகி வலைபோல் தோன்றும். இடைப்பகுதி முதலில் பச்சையாகவே இருக்கும். இளம் இலைகளில் குறி தெளிவாகத் தெரியும். காயும் வெளுத்துச் சிறுத்துவிடும்.

2. தழைச்சத்துக் குறையில் அடி இலைகள் முதலில் முழுவதும் ஒரே சீராக மஞ்சளாகும்.

3. இரும்புச்சத்துக் குறையில் நுனி இலைகளில் நரம்பு பச்சையாக நிற்க, இடைப்பகுதி மஞ்சளாகும்.

4. தத்துப்பூச்சி தாக்கினால் இலையின் ஓரம் மேல்நோக்கிச் சுருண்டு, மஞ்சளாகிப் பின் கருகும்.

நோயுற்ற செடியைக் குணப்படுத்த மருந்தில்லை. கண்டவுடன் பிடுங்கிப் புதைக்க வேண்டும். வயலைச் சுற்றி இரண்டு வரிசை மக்காச்சோளம் முன்கூட்டியே விதைத்தால் வெள்ளை ஈயின் வரவு தடைப்படும். மஞ்சள் ஒட்டும் பொறிகளும் உதவும்.

எதிர்ப்புத் திறனுள்ள இரகமே முதற்காப்பு. டில்லியிலுள்ள இந்திய வேளாண்மை ஆராய்ச்சி நிலையம் உருவாக்கிய பூசா சவானி 1960-களில் நாடெங்கும் பரவியது. காலப்போக்கில் அதன் தாங்கும் திறன் குன்றியது. பின்னர் காட்டு வெண்டை இனத்துடன் கலந்து பர்பணி கிராந்தி, அர்கா அனாமிகா போன்றவை உருவாக்கப்பட்டன. இவையும் எல்லா இடத்திலும் எக்காலத்திலும் நோய்க்குத் தப்புவன அல்ல. ஆகையால் அந்தந்தப் பகுதியின் வேளாண்மைப் பல்கலைக்கழகம் இப்போது பரிந்துரைக்கும் இரகத்தையே நாட வேண்டும்.

காய்த்துளைப்பானும் மருந்தடிப்பும்

காய்த்துளைப்பான் புழு முதலில் குருத்தைத் துளைத்து வாட்டும். பின் காய்க்குள் புகும். வாடிய குருத்தையும் துளையுள்ள காயையும் பறித்து அழிப்பது எளிய வழி. 5 கிலோ வேப்பங்கொட்டைப் பருப்பை இடித்து, நீரில் ஓரிரவு ஊற வைத்து வடிகட்டி, 100 லிட்டராக்கிச் சிறிது சோப்புக் கரைசல் சேர்த்துத் தெளிக்கலாம்.

வெண்டைக்காய் ஒருநாள் விட்டு ஒருநாள் பறிக்கப்படுவது. நேற்று தெளித்த விஷமருந்து நாளை உண்பவரின் தட்டிற்குச் செல்லக்கூடும். ஆகவே காய்ப்புக் காலத்தில் இரசாயன மருந்தை இயன்றவரை தவிர்க்க வேண்டும். தவிர்க்க இயலாதபோது, முதலில் பறிக்கத் தகுந்த காய்களை எல்லாம் பறித்துவிட்டுத் தெளித்து, மருந்துப் புட்டியில் குறித்த காத்திருப்பு நாட்கள் முடியும் வரை காயை விற்கவோ உண்ணவோ கூடாது.

அறுவடை

விதைத்த 40 முதல் 45 நாட்களில் பூக்கத் தொடங்கும். காலையில் மலரும் பூ அன்றே வாடிவிடும். மலர்ந்த ஐந்து முதல் ஏழு நாட்களில் காய் பறிக்கத் தகுதி பெறும். நுனியை ஒடித்தால் 'டக்'கென்று ஒடிவதே இளங்காய். முற்றவிட்டால் நாரோடுவது மட்டுமன்று; செடியின் சத்து விதைக்குச் சென்று புதுப்பூ குறைந்துவிடும். காயின் சுணை தோலை அரிப்பதால் பறிப்போருக்குத் துணிக் கையுறை கொடுத்தல் வேண்டும். நன்கு பேணிய பயிரில் ஹெக்டேருக்கு 10 முதல் 15 டன் வரை காய் எதிர்பார்க்கலாம்.

பள்ளித் தோட்டத்திற்குச் சில பயிற்சிகள்

அ. 100 விதைகளை ஈரத்துணியில் வைத்து முளைப்பு விகிதம் காண்க. 65-க்குக் குறைந்தால் அவ்விதை விதைப்புக்கு உகந்ததன்று.

ஆ. மலர்ந்த பூக்களின் காம்பில் நூல் கட்டி, நாள்தோறும் காயின் நீளத்தை அளந்து அட்டவணையிடுக.

இ. ஐந்து செடிகளில் தவறாது பறித்தும், ஐந்து செடிகளில் காயை முற்றவிட்டும், ஒரு மாதத்தில் மலர்ந்த பூக்களை எண்ணி ஒப்பிடுக.