கியர் பெட்டி மாற்றப் போகும் தம்பிமாருக்கு

கண்டியிலும் சுற்றுப்புறத்திலும் கராஜில் வேலை பழகும் தம்பிமாருக்கு இதை எழுதுகிறேன். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றது. தனியார் வாகனங்களுக்கு மறுபடி வழி திறந்தது 2025 பெப்ரவரியில்தான். இடையில் 2022இல் ரூபாய் கண்ட வீழ்ச்சியில் புது பைக்கை நினைத்தும் பார்க்க முடியாமல் போனது. ஜப்பானில் தபால்காரர்கள் ஓட்டித் தீர்த்த ஹொண்டா எம்.டி.90களும் பழைய சி.90களும் இன்னும் கலஹா, தெல்தோட்டை ஏற்றங்களில் மரக்கறி மூட்டை சுமக்கின்றன. அவற்றின் கியர் தேய்ந்தால், அதே மாடலின் பாகம் எப்போதும் கிடைப்பதில்லை. வேறு மாடலின் பெட்டியைப் போடலாமா என்று வாடிக்கையாளர் கேட்பார். போடலாம். ஆனால் கீழே சொல்வதைச் செய்யாமல் கை வைக்காதீர்கள்.

1. குற்றம் பெட்டியில்தானா என்று முதலில் பாருங்கள். கியர் விழ மறுத்தால் கிளச் முழுதாக விடுபடவில்லை என்பதே பெரும்பாலும் காரணம். இந்த ஹொண்டாக்களில் கிளச் லீவர் கிடையாது. கியர் பெடலை மிதிக்கும்போதே கிளச் விடுபடுகிறது. வலது கவரில் ஒரு ஸ்க்ரூவும் லொக் நட்டும் இருக்கும். நட்டைத் தளர்த்தி, ஸ்க்ரூவை வலப்பக்கம் ஒரு சுற்று திருப்புங்கள். பிறகு இலேசாகத் தடை தட்டும்வரை இடப்பக்கம் கொண்டுவந்து, அங்கிருந்து எட்டில் ஒரு சுற்று வலப்பக்கம் திருப்பி நட்டை இறுக்குங்கள். ஒயில் அளவையும் செயின் தொய்வையும் பாருங்கள். இவ்வளவிலேயே சரியாகிவிடும் வண்டிகள் நிறைய உண்டு. வாடிக்கையாளருக்கு எஞ்சின் பிரிக்கும் செலவு மிஞ்சும்.

2. ஏற்றத்தில் எஞ்சின் இழுக்கும்போது இரண்டாம் கியர் தானாக நியூட்ரலுக்குத் துள்ளினால், அது பெட்டிதான். கேஸைப் பிரித்ததும் கியர் வீலின் பக்கவாட்டில் துருத்தி நிற்கும் டாக்கை லைட்டடியில் பிடித்துப் பாருங்கள். நல்ல டாக்கின் மூலையில் நகத்தை இழுத்தால் நகம் தட்டி நிற்கும். தேய்ந்ததில் மூலை உருண்டு பளபளக்கும். நகம் வழுக்கிப் போகும். செலெக்டர் ஃபோர்க்கின் நுனி நீலம் பாரித்திருந்தால் அது சூடேறி உராய்ந்திருக்கிறது. டாக் தேய்ந்த வீலை மட்டும் மாற்றி அந்த ஃபோர்க்கை மறுபடி பூட்டினால் பழைய வருத்தம் திரும்பி வரும்.

3. பெயரை நம்பாதீர்கள், அளவை நம்புங்கள். கொழும்பு பஞ்சிகாவத்தை சாமான் கடையில் ஒருவர் "சி.டி.90 செட், அப்படியே இறங்கும்" என்று சொல்லலாம். ஒரே குடும்பத்து எஞ்சின்தான். பிந்திய மாடல்களில் 47 மில்லிமீற்றர் போர், 49.5 ஸ்ட்ரோக், 85 சி.சி. இருந்தும் சி.90இன் மூன்று சோடிக் கியருக்கு வார்த்த கேஸில் சி.டி.90இன் நான்கு சோடி இறங்க வேண்டுமானால் கேஸில் இடம் இருக்க வேண்டும், அல்லது அந்த வீல்கள் அகலம் குறைந்திருக்க வேண்டும். பழைய ஷாஃப்டையும் வந்த ஷாஃப்டையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து நீளம், இரு முனையின் விட்டம், பெயரிங் அமரும் இடம், ஸ்ப்ளைன் எண்ணிக்கை எல்லாவற்றையும் வேர்னியரால் அளந்து எழுதுங்கள். கிளச் கிராங்கில் இருக்கும் எஞ்சினின் ஷாஃப்டும், கிளச் மெயின் ஷாஃப்டிலேயே இருக்கும் எஞ்சினின் ஷாஃப்டும் முனையில் ஒன்றாக இருக்காது. ஒன்று பொருந்தவில்லை என்றாலும் வாங்காதீர்கள். லேத்தில் கடைந்து சரிப்படுத்தலாம் என்பவரின் பேச்சு வேண்டாம். கடினப்படுத்திய உருக்கின் மேற்தோலைக் கடைந்து எடுத்தால் உள்ளே மென்மையான உருக்குதான் மிச்சம்.

4. சோடியைப் பிரிக்காதீர்கள். ஒரு பெட்டிக்குள் எந்தச் சோடியின் பற்களைக் கூட்டினாலும் ஏறக்குறைய ஒரே எண் வரும், ஏனென்றால் இரண்டு ஷாஃப்டுக்கும் இடையிலுள்ள தூரம் மாறுவதில்லை. ஒரு பெட்டியின் வீலை இன்னொரு பெட்டியின் வீலோடு கோர்த்தால் கத்தும், சீக்கிரமே பல் உடையும். இரண்டு ஷாஃப்ட், எல்லா வீல்கள், ஃபோர்க்குகள், ஃபோர்க்குகளை நகர்த்தும் ட்ரம், ட்ரம்மின் நுனியிலுள்ள நட்சத்திரத் தட்டு எல்லாம் ஒரே செட்டாக வரவேண்டும். மூன்று கியர் ட்ரம்மின் பள்ளம் நான்கு கியருக்கு உதவாது.

5. ஜப்பான் வண்டியின் ஸ்க்ரூத் தலை ஜப்பான் அளவில் வெட்டியது. சாதாரண ஸ்டார் ட்ரைவர் அதைக் கடித்துவிடும். சரியான முனையும் இம்பெக்ட் ட்ரைவரும் எடுங்கள். கேஸ் பிரியவில்லை என்று இடுக்கில் ட்ரைவரை விட்டு நெம்பாதீர்கள்.

6. கழற்றும் வொஷரையும் சேர்க்ளிப்பையும் அந்த ஒழுங்கிலேயே கம்பியில் கோர்த்து வையுங்கள். போடும்போது சேர்க்ளிப் புதிதாக இருக்க வேண்டும். அதன் மழுங்கிய விளிம்பு தள்ளும் வீலைப் பார்க்க வேண்டும், கூர் விளிம்பு மறுபக்கம்.

7. இந்த ஒன்றுக்காகவே இதை எழுத உட்கார்ந்தேன். சி.90 போன்ற ஜப்பான் உள்நாட்டுக் கப் வண்டிகளில் கடைசிக் கியருக்குப் பிறகு மறுபடி நியூட்ரல், அதன்பின் முதலாம் கியர் என்று சுற்றி வரும் ட்ரம் உண்டு. வண்டி நிற்கும்போது சிக்னலில் அது வசதி. ஓடும்போது அப்படிப் போகாமல் தடுக்கும் அமைப்பு இல்லாத ட்ரம்மைப் போட்டுவிட்டீர்கள் என்று வையுங்கள். மஹியங்கனைப் பாதையின் 18 வளைவில் இறங்குபவர், இன்னொரு கியர் இருக்கிறதென்று நினைத்து மிதிப்பார். முதலாம் கியர் விழுந்தால் பின் டயர் அந்த இடத்திலேயே பூட்டிக்கொள்ளும், பின்னால் மனைவியும் பிள்ளையும் இருப்பார்கள். வண்டியை ஸ்டாண்டில் ஏற்றி, பின் சக்கரத்தைச் சுழலவிட்டு, கடைசிக் கியருக்கு அப்பால் போகிறதா என்று சோதியுங்கள். போனால் அந்த ட்ரம் வேண்டாம். சாமான் வாங்கிய காசு போனாலும் பரவாயில்லை.

8. ரோயல் என்ஃபீல்ட் புல்லட்டுக்கும் இதே கவனம் வேண்டும். பழைய என்ஃபீல்டின் நான்கு கியர் அல்பியன் பெட்டி எஞ்சினின் முதுகில் தனியாகப் பூட்டியது, ஆகவே பின்னாளைய ஐந்து கியர் பெட்டியை அங்கே ஏற்றுகிறார்கள். ஆனால் கியர் வலது காலிலிருந்து இடது காலுக்குப் போகிறது, பிரேக் வலதுக்கு வருகிறது. ஆண்டுக்கணக்கில் இடது காலால் பிரேக் மிதித்தவர், அவசரத்தில் இடது காலால்தான் மிதிப்பார். வண்டியைக் கொடுக்குமுன் கராஜ் வளவுக்குள் அவரையே ஓட்டவிட்டுப் பழக்குங்கள்.

9. கியர் எண்ணிக்கை கூடினால் ஸ்ப்ரொக்கட்டையும் யோசியுங்கள். பின்னால் 40 பல், முன்னால் 14 என்றால் 2.86, முன்னால் 15 போட்டால் 2.67. வேகம் கிட்டத்தட்ட 7 வீதம் கூடும், இழுவை அந்த அளவுக்குக் குறையும். கடுகண்ணாவை ஏறி இறங்கும் வண்டிக்கு 14ஐ மாற்றாதீர்கள்.

10. உள்ளே உள்ளதை மட்டும் மாற்றினால் எஞ்சின் இலக்கம் மாறாது. கிராங்க் கேஸையே மாற்றினால் இலக்கமும் மாறும். மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் பதிவைத் திருத்தாமல் அந்த வண்டியை ரோட்டில் இறக்கக் கூடாது. பற்றுச்சீட்டு இல்லாத கேஸை எவ்வளவு மலிவென்றாலும் தொடாதீர்கள். அது யாரோ ஓர் ஏழையின் களவுபோன வண்டியாக இருக்கலாம்.

11. இந்த ஹொண்டாக்களில் எஞ்சினுக்கும் கிளச்சுக்கும் கியருக்கும் ஒரே ஒயில்தான். கார் ஒயில் ஊற்றினால் கிளச் வழுக்கலாம். டப்பாவில் ஜாசோ எம்.ஏ. என்று இருப்பதை வாங்குங்கள். முதல் ஓட்டம் கெட்டம்பேயிலிருந்து பேராதனை வரை சமதரையில். பிறகு ஹந்தானை ஏற்றம். திரும்பி வந்து ஒயிலை இறக்கி, வலைச்சல்லடையைக் கழுவிப் பாருங்கள். மெல்லிய சாம்பல் பூச்சு என்றால் பயமில்லை. கண்ணுக்குத் தெரியும் துண்டு என்றால் மறுபடி பிரியுங்கள்.

12. எந்த மாடலின் பெட்டி, எத்தனை கியர், முன் ஸ்ப்ரொக்கட் எத்தனை பல் என்று ஒரு துண்டில் தமிழிலும் சிங்களத்திலும் எழுதி, பொலித்தீனில் சுற்றி, டூல் பெட்டிக்குள் வையுங்கள். கழற்றிய பழைய பாகங்களையும் உரியவர் கையிலேயே கொடுங்கள். வண்டி நாளை நாவலப்பிட்டியில் நின்றால், அங்குள்ள தம்பி அந்தத் துண்டைப் பார்த்துத்தான் பாகம் தேடுவான்.