பட்டைக்கும் ஆக்சிலுக்கும் நடுவே

யாழ்ப்பாணத்துத் தெருக்களில் மோரிஸ் மைனர் இன்றும் ஓடுகிறது. அலெக் இசிகோனிஸ் வடிவமைத்து 1948-இல் வெளிவந்த கார். 16 லட்சத்துக்கு மேல் தயாரானது. அதன் பின் ஆக்சில், இரண்டு பட்டை ஸ்பிரிங்குகளின் மேல் உட்கார்ந்திருக்கிறது. இடையில் கையகல ரப்பர் பேட். அந்தச் சின்னத் துண்டைப் பற்றித்தான் எத்தனை தவறான நம்பிக்கைகள்!

நம்பிக்கை: பின்பக்கம் தொய்ந்துவிட்டால் தடித்த பேட் வைத்து உயர்த்தலாம்.

உண்மை: கார் இன்னும் தாழும். மைனரில் ஆக்சில் மேலே, பட்டை கீழே. சக்கரம் தரையில் நிற்பதால் ஆக்சிலின் உயரம் மாறாது. பேட் தடிக்கத் தடிக்கப் பட்டைதான் கீழே தள்ளப்படும். பட்டையின் இரு முனைகளிலும் மாட்டியிருக்கும் பாடியும் கூடவே இறங்கும். காரைத் தாழ்த்த விரும்புகிறவர்கள் கட்டை வைப்பது இதே இடத்தில்தான். தொய்வுக்கு மருந்து பட்டைக்கு வளைவு ஏற்றுவது, அல்லது புதுப் பட்டை.

நம்பிக்கை: பேட் ஒரு மெத்தை.

உண்மை: மேடுபள்ளத்தை வாங்குவது பட்டை. பல்சக்கரங்களின் இரைச்சலும் சாலையின் அதிர்வும் பாடிக்கு ஏறாமல் தடுப்பதும், இரும்பும் இரும்பும் உரசாமல் காப்பதும்தான் பேட்டின் வேலை.

நம்பிக்கை: ஆக்சிலையும் பட்டையையும் சேர்த்துக் கட்டும் யு போல்ட்டை எவ்வளவு முறுக்குகிறோமோ அவ்வளவு உறுதி.

உண்மை: ஆக்சிலின் இடத்தை நிர்ணயிப்பது யு போல்ட் அல்ல, பட்டையின் தகடுகளைக் கோத்திருக்கும் சென்டர் போல்ட். அதன் தலை பேட்டின் துளை வழியாகப் போய், தனக்குரிய குழியில் சரியாக உட்கார வேண்டும். விரலால் தடவிப் பார்த்த பிறகே நட்டைத் தொடுங்கள். தலை குழியில் உட்காராமல் இறுக்கினால் ஆக்சில் கோணலாகிவிடும்; கார் நண்டு மாதிரி ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு ஓடும். நான்கு நட்டுகளையும் மாற்றி மாற்றி, கொஞ்சம் கொஞ்சமாக, கம்பெனிக் கையேடு சொல்லும் அளவுக்கு மட்டும் முறுக்குங்கள். அதற்கு மேல் போனால் ரப்பர் ஓரங்களில் பிதுங்கிச் சீக்கிரமே கிழியும். புது பேட் சற்று அமுங்கும். சில நாள் ஓட்டிவிட்டு நட்டுகளை மறுபடி பாருங்கள். பழைய யு போல்ட்டைத் திரும்பப் போடுவதை நான் ஒப்புக்கொள்ளவே மாட்டேன்.

நம்பிக்கை: கிரீஸ் தடவினால் சத்தம் வராது.

உண்மை: சாதாரண கிரீஸும் ஆயிலும் ரப்பரை ஊதவைத்து மெத்தென்று ஆக்கிவிடும். பொருத்தும்போது சோப்புத் தண்ணீர் போதும். ஆக்சில் சீல் கசிந்தால் முதலில் அதை மாற்றுங்கள்.

நம்பிக்கை: பாலியூரித்தேன் பேட் எல்லா வகையிலும் மேல்.

உண்மை: ஆயில் பட்டாலும் தாங்கும், நாள்பட உழைக்கும். ஆனால் இரைச்சலை உள்ளே கூடுதலாக விடும். நிதானமாக ஓடும் வீட்டுக் காருக்கு ரப்பரையே நான் சொல்வேன்.

வேலை முழுக்க பாடி ஸ்டாண்டில் நிற்கட்டும். ஜாக்கி ஆக்சிலைத் தாங்க மட்டும். பட்டையின் முன்கண் போல்ட்டைக் கழற்றியிருந்தால், சக்கரம் அந்தரத்தில் தொங்கும்போது இறுக்கி முடிக்காதீர்கள். காரைத் தரையில் இறக்கி, எடை முழுவதும் பட்டையில் ஏறிய பிறகு இறுக்கினால்தான் உள்ளிருக்கும் புஷ் முறுக்கிக்கொள்ளாமல் இருக்கும்.