ஏடு தொடக்குமுன் செவி தொடக்கல்

விசயதசமியன்று பிள்ளையை மடியில் இருத்தி, அரிசியிலே முதலெழுத்தை எழுதுவித்து ஏடு தொடக்குதல் நம் முன்னோர் வகுத்த நல்வழக்கு. அந்நாளையே கல்வியின் தொடக்கமென நாம் கொண்டாடுகின்றோம். ஆயின், கை எழுத்தைத் தொடுவதற்கு நெடுநாள் முன்னரே செவி ஓசையைத் தொட்டுவிடுகின்றது. எழுத்தறியாக் குழவிக்கும் ஒரு பாடநூல் உண்டு. அது தாயின் குரல். அந்நூலை ஓதுவார் இல்லாத வீட்டில் வளர்ந்த பிள்ளை பின்னர் வரும் ஏடுகளைக் கற்குமாயினும், மொழியின் இனிமையைத் தேடியலைய வேண்டியதாகும். ஆதலின், ஏடு தொடக்குமுன் செவி தொடக்கல் வேண்டும் என்பதும், அதனைத் தாயும் சேயும் கூடியிருக்கச் செய்தல் வேண்டும் என்பதுமே இக்கட்டுரையின் பொருளாம்.

செவி திறக்கும் காலம்

குழந்தை பிறந்தபின்னரே கேட்கத் தொடங்குகின்றது எனப் பலர் எண்ணுவர். கருவிலே ஏறத்தாழ ஆறாம் மாதம் நிறைவெய்தும் பொழுதே சிசு ஒலிகளை உணர்கின்றது. 1980ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டு ஆராய்ச்சியாளர் இருவர், பிறந்து மூன்று நாளும் நிரம்பாத குழந்தைகள் பிற பெண்டிர் குரலினும் தம் தாயின் குரலையே நாடுவதைச் சோதனையாற் காட்டினர். 2009ஆம் ஆண்டில் வெளிவந்த வேறோர் ஆராய்ச்சி, துயிலும் பச்சிளங் குழவியின் மூளையும், தாளத்தில் வரவேண்டிய முதலடி வராது விடுபடின் அதனை உணர்ந்துகொள்ளும் எனத் தெரிவித்தது. 2016ஆம் ஆண்டில் வாசிங்டன் பல்கலைக்கழகத்தார் ஒன்பது மாதக் குழந்தைகளைப் பெற்றோருடன் இருத்தி, பதினைந்து நிமிட இசை விளையாட்டைப் பன்னிரண்டு முறை நடத்தினர். அக்குழந்தைகளின் மூளை இசையின் ஒழுங்கு மட்டுமன்றிப் பேச்சொலியின் ஒழுங்கு பிறழ்வதையும் கூர்மையாக உணர்ந்தது. இசைக்குப் பழகிய செவி மொழிக்கும் பழகுகின்றது என்பது இதனாற் பெறப்படும். மொழியாசிரியராகிய எம்போலியர் இச்செய்தியில் நாட்டங் கொள்வதற்குக் காரணமும் இதுவே.

பிள்ளைத்தமிழ் காட்டும் படிமுறை

மேனாட்டார் கருவிகொண்டு அளந்தறிந்ததை நம் தாய்மார் கைப்பழக்கத்தால் அறிந்திருந்தனர். அதற்குச் சான்று வேண்டுவோர் பிள்ளைத்தமிழ் இலக்கியத்தை நோக்குக. குழவியைப் பொருளாகக் கொண்டு பாடுதற்குத் தொல்காப்பியர் புறத்திணையியலில் இடந்தந்தார். பெரியாழ்வார் கண்ணனைக் குழந்தையாக்கித் தாம் தாயாகிப் பாடினார். பன்னிரண்டாம் நூற்றாண்டில் ஒட்டக்கூத்தர் குலோத்துங்க சோழன் பிள்ளைத்தமிழைச் செய்தார். குமரகுருபரர் மதுரை மீனாட்சியம்மைக்குப் பாடியது கற்றோர் யாவரும் அறிந்ததே. பின்னாளில் இசுலாமியப் புலவரும் கிறித்தவப் புலவரும் இவ்வகை நூல்களை இயற்றினர். சமயங்கள் மூன்றும் குழந்தையின் தொட்டிலருகே ஒன்றுகூடின.

இவ்விலக்கியத்தின் பருவங்களைப் புலவர் கற்பனையென்று மட்டும் கருதாது, பாடத்திட்டமாகக் கொண்டு நோக்குவோம். பாட்டியல் நூல்கள் கூறும் மாதக் கணக்கு நூலுக்கு நூல் சிறிது வேறுபடினும், வரிசை பெரும்பாலும் ஒன்றே. ஐந்தாம் மாதத்தை ஒட்டிச் செங்கீரை: குழந்தை ஒருகாலை மடக்கி ஒருகாலை நீட்டி, இருகைகளையும் நிலத்திலூன்றித் தலைநிமிர்ந்து ஆடும். அவ்வசைவுக்கு இயையத் தாய் பாடுகின்றாள். செங்கீரை என்பதற்கு மழலைச் சொல் எனப் பொருள் கூறுவாரும் உளர். எனவே உடலசைவும் ஒலியசைவும் ஒருங்கே தொடங்கும் பருவம் இஃதாம். அடுத்தது தால். தால் என்பது நாக்கு. தாய் தன் நாவை அசைத்துப் பாடுதலின் தாலாட்டாயிற்று. குழந்தை அவள் முகத்தையும் நாவையும் உற்றுநோக்கித் தன் நாவை அசைக்கக் கற்கின்றது. ஒன்பதாம் மாத அளவிற் சப்பாணி: இருகைகளையுஞ் சேர்த்துக் கொட்டுதல். குழந்தை தானே தாளமிடும் முதல் வாய்ப்பு அது. முத்தப் பருவம் கேட்டதற்கு விடைகொடுக்கும் பழக்கம். வருகைப் பருவம் பாட்டுக்கு அடியெடுத்து வைக்கும் பழக்கம். அம்புலியில் எட்டாத நிலவை விளையாட அழைக்குங் கற்பனை பிறக்கின்றது. இறுதியில் ஆண்பாற்குச் சிற்றில், சிறுபறை, சிறுதேர். பெண்பாற்கு அம்மானை, நீராடல், ஊசல் முதலியன. அசைதல், கேட்டல், கொட்டுதல், நடத்தல், கருவி முழக்குதல் என இவ்வரிசை அமைந்திருப்பது காண்க. குழந்தையிசைக்கென இன்று உலகில் நடைபெறும் வகுப்புகளும் ஏறத்தாழ இவ்வரிசையிலேயே செல்கின்றன.

பிறநாட்டார் கொண்ட நெறி

அங்கேரி நாட்டு இசைப்புலவர் கொடாய் (1882–1967) தம் நாட்டுச் சிற்றூர்களிற் சென்று நாட்டுப்பாடல்களைத் திரட்டினார். குழந்தையின் முதல் இசை தாய்மொழி நாட்டுப்பாடலாகவே இருத்தல் வேண்டும் என்பது அவர் கொள்கை. அவர் வழிவந்த ஆசிரியர்கள் இரண்டு சுரங்களாலான சிறு பாட்டிற் தொடங்கி, ஐந்து சுரங்களாலான பாட்டுக்குச் செல்வர். அவ்வைந்து சுரங்கள் நமக்குப் புதியனவல்ல. நம் மோகன இராகத்தின் சுரங்களே அவை. யப்பானியராகிய சுசுக்கி (1898–1998) தாய்மொழியைக் குழந்தை கற்கும் முறையிலேயே வயலினையும் கற்பித்தார். அவர் முறையிற் தாயும் வகுப்பில் அமர்வாள். பிள்ளைக்கு முன்னர்த் தாயே சிறிது வாசிக்கக் கற்பாள். மொன்ரிசோரி அம்மையார் 1939இற் சென்னைக்கு வந்து பல்லாண்டு தங்கி ஆசிரியர்களைப் பயிற்றினார். 1944இல் இலங்கைக்கும் வந்தார். அவர் பெயராலேயே முன்பள்ளியை இன்றும் பலர் வழங்குகின்றனர். ஒலியை ஒலியோடு ஒப்பிட்டுச் செவியைப் பழக்கும் மணிகள் அவர் வகுத்த கருவிகளுட் சிறந்தவை.

இவ்விடத்து ஒரு மயக்கத்தை நீக்குதல் நன்று. மோசாட்டு என்னும் இசைமேதையின் இசையைக் கேட்பிப்பின் குழந்தை பேரறிவு பெறும் என ஒரு காலத்துப் பெரிதாகப் பேசப்பட்டது. 1993இல் வெளிவந்த அச்சோதனை கல்லூரி மாணவரிடத்தே செய்யப்பட்டது. அவர் பெற்ற பயனும் சில நிமிடமே நின்றது. குழந்தைகளைப் பற்றி அது யாதும் கூறவில்லை. இசையால் மதிப்பெண் பெருகும் என்னும் ஆசையை விடுத்து, குழந்தையின் செவியும் மொழியும் பெற்றோருடன் கொண்ட பிணைப்பும் வளரும் என்னும் உறுதியைக் கொள்ளுதலே தக்கது.

எங்கள் கரையின் நிலை

இனி நம் கரைக்கு வருவோம். உச்சமுனை, கற்பிட்டியிலிருந்து படகேறிச் செல்லவேண்டிய மணற்றிடல். ஒருபுறம் பெருங்கடல், மறுபுறம் புத்தளம் கடனீரேரி. மீன்பிடியே வாழ்வு. தந்தை கடலுக்குச் செல்லும் நேரத்தைக் காற்றே தீர்மானிக்கும். இத்தகைய இடத்துக்குச் சங்கீத ஆசிரியர் ஒருவரை நாளும் அனுப்புதல் எளிதன்று. அதனால் இசைக்கல்வி இங்குள்ள சிறுவர்க்கு எட்டாப் பொருள் என்று கூறிவிடலாமோ? கூடாது. மேலே காட்டிய பருவங்களுள் எதற்கும் சங்கீத வித்துவான் வேண்டப்படவில்லை. மடியும் குரலும் கைகளுமே வேண்டப்பட்டன.

இக்கரையில் இசைச் செல்வமும் குறைவன்று. கரைவலை இழுப்போர் பாடும் அம்பாப் பாட்டுக்கு இம்மாவட்டத்து உடப்பு பெயர்பெற்றது. ஒருவர் அடியெடுத்துக் கொடுக்க, ஏனையோர் ஏற்றுப்பாடி ஒரே தாளத்தில் வடத்தை இழுப்பர். எடுத்தலும் ஏற்றலுமாகிய இம்முறை குழந்தை வகுப்புக்கு மிகவும் பொருந்துவது. ஆயின், பல கரைகளிற் பொறிகள் வலையிழுக்கத் தொடங்கியபின் அவ்வோசை தளர்ந்தது. வீட்டினுள்ளும் ஒரு மாற்றம் நிகழ்ந்துள்ளது. அழும் குழந்தைக்கு ஓராட்டுப் பாடிய இடத்திற் கைத்தொலைபேசி வைக்கப்படுகின்றது. அதன் பாட்டு இனிமையாயிருக்கலாம். எனினும் குழந்தை சிரிக்கும்போது அது சிரிப்பதில்லை. கண்ணயரும்போது தன் குரலைத் தாழ்த்துவதுமில்லை. 2019ஆம் ஆண்டில் உலக சுகாதார நிறுவனம், இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்குத் திரைக்காட்சி வேண்டாம் என்றும், இரண்டு முதல் நான்கு வயது வரை நாளொன்றுக்கு ஒரு மணித்தியாலத்தை மேற்படலாகாது என்றும் வகுத்துக் கூறியது.

நாம் இழக்கவிருப்பது எதுவென எண்ணிப்பார்த்தல் வேண்டும். ஓராட்டுக்கள் பெரும்பாலும் எழுதிவைக்கப்பட்டவையல்ல. அம்மம்மா பாட, மகள் கேட்டுத் தன் மகவுக்குப் பாடுவாள். ஒரு தலைமுறை வாய்மூடின், அடுத்த தலைமுறைக்குக் கேட்டறிய வழியில்லை. நூல்நிலையம் தீப்பட்டால் ஊர் பதறும். ஓராட்டு மறைவதோ எவர் செவிக்கும் எட்டாமலே நிகழும்.

வகுப்பு நடத்தும் முறை

முன்பள்ளியிலோ கோயில் மண்டபத்திலோ வாரத்திற்கு ஒருநாள் அரைமணி நேரம் போதும். எட்டுப் பத்துக் குழந்தைகளும் அவரவர் தாயாரும் பாயில் வட்டமாக அமர்க. தாய் வர இயலாவிடத்து அப்பம்மாவோ தமக்கையோ வரலாம். கடலுக்குச் செல்லாத நாளிற் தந்தையும் வருதல் மிக நன்று.

முதலாவது, பெயர்ப்பாட்டு. ஒவ்வொரு குழந்தையின் பெயரையும் இரண்டு மூன்று சுரங்களில் இசைத்து அழைத்து வரவேற்க. தன் பெயர் இசையாக ஒலிப்பதைக் கேட்கும் குழந்தை தலைதூக்கும்.

இரண்டாவது, மடியாட்டம். குழந்தையை மடியில் இருத்திச் சாய்ந்தாடுக. வள்ளம் வலிப்பதுபோல முன்னும் பின்னும் அசைக. உடல் தாளத்தை அறிந்தபின்னரே கை அதனை அறியும்.

மூன்றாவது, சப்பாணி. பாட்டு ஒன்றே, முதன்முறை மெல்லவும், மறுமுறை விரைவாகவும் கொட்டுக. பின் கையை நிறுத்தி மனத்துள்ளே கொட்டுக. விட்ட இடத்தைக் குழந்தையே நிரப்பும்.

நான்காவது, சிறுபறை. இரண்டு சிரட்டைகள் போதும். மூடிய போத்தலிற் பயறிட்டுக் கிலுக்கு ஆக்கலாம். குன்றிமணி நஞ்சுடையதாதலின் அதனை ஒழிக்க. சிறு மணிகள் வாயிற் புகாதவாறு மூடியை இறுக ஒட்டுக.

ஐந்தாவது, செவிகொடுத்தல். யாவரும் ஒரு நிமிடம் வாய்மூடி இருந்து, அலையோசை, காகத்தின் ஒலி, தூரத்துப் படகின் இயந்திர ஒலி ஆகியவற்றைக் கேட்டு ஒவ்வொன்றாகக் கூறுக. மௌனமும் இசைப்பாடத்தின் பகுதியே.

இறுதியாக ஓராட்டு. இதனை ஆசிரியர் பாடற்க. தாய்மாருள் ஒருவரே பாடுக. கருநாடக இசையாளர் தாலாட்டுக்கு நீலாம்பரியை விரும்புவர். ஆயினும், வீட்டிற் பழகிய மெட்டே அக்குழந்தைக்கு உகந்தது.

சில எச்சரிக்கைகளும் வேண்டும். ஆண்குரலின் தாழ்ந்த சுருதியிற் பாடின் குழந்தையாற் பின்தொடர இயலாது, சற்றே உயர்த்துக. ஐந்தாறு சுரங்களுள் அடங்கும் பாட்டையே தெரிக. ஒலிபெருக்கி வேண்டா. சுருதி தவறும் குழந்தையைத் திருத்தற்க. மீண்டும் பாடிக்காட்டுதலே திருத்தமாகும். சரளி வரிசை முதலிய முறையான பயிற்சிகட்குப் பின்னர்க் காலமுண்டு. மேடையேற்றிப் போட்டிவைத்துப் பரிசளித்தல் இப்பருவத்திற்கு ஏலாது. “எனக்குக் குரல் இல்லை” எனத் தயங்கும் தாய்க்கும் ஒன்று கூறுதல் வேண்டும்: அவள் குழந்தை அவளையன்றி வேறு பாடகியை விரும்பாது.

பாட்டுக்குப் பஞ்சமில்லை. நவாலியூர்ச் சோமசுந்தரப்புலவர் (1878–1953) ஆடிப்பிறப்பையும் கத்தரித் தோட்டத்து வெருளியையும் நமக்குப் பாட்டாக்கித் தந்தார். தமிழகத்துக் கவிமணியும், அழ. வள்ளியப்பாவும் சிறுவர்க்கென எழுதியவை பல. அவற்றோடு ஊரிலுள்ள பாட்டுக்களையும் சேர்த்தல் வேண்டும். வகுப்புக்கு ஓர் அப்பியாசக் கொப்பி வைத்து, வாரந்தோறும் ஒரு மூதாட்டியிடம் ஓராட்டு ஒன்றையோ விளையாட்டுப் பாட்டு ஒன்றையோ கேட்டு எழுதுக. எவர் பாடினார், எவரிடங் கற்றார் என்பதையும் குறிக்க. கைத்தொலைபேசிக்கும் இங்கே நற்பணி உண்டு. அம்மெட்டை அதிற் பதிந்துகொள்ளலாம். இந்து, கத்தோலிக்க, இசுலாமிய வீடுகளின் பாட்டுக்கள் ஒரே கொப்பியில் அடுத்தடுத்து இடம்பெறின், அதுவே பிள்ளைகட்கு நல்லதொரு பாடமாகும்.

கல்லூரியன்னையின் விழாமலரை ஏந்தும் பழைய மாணவர் பலர் இன்று தந்தையராயும் பேரராயும் உள்ளனர். சிலர் முன்பள்ளிகளையும் கோயில்களையும் பரிபாலிக்கும் நிலையிலும் உள்ளனர். அவர்களிடம் யாம் வேண்டுவது கட்டடமும் வாத்தியங்களும் அல்ல. தத்தம் ஊரில் அரைமணி நேரத்துக்கு ஒரு பாய் விரிக்க இடந்தருக. தம் வீட்டுத் தொட்டிலருகே ஒரு பாட்டுப் பாடுக. இன்று மாணவராயுள்ளோர் விடுமுறையில் வீடு சென்றதும் தம் அம்மம்மாவிடம் ஓராட்டு ஒன்றைக் கேட்டெழுதி வருக. அடுத்த விசயதசமியில் அரிசியில் எழுதவிருக்கும் பிள்ளை, அதற்குமுன் பாட்டைக் கேட்ட பிள்ளையாக இருக்கட்டும்.