ஸ்ராட்டர் பெட்டியைத் திறக்க முன்

நெல் குத்தும் ஆலையில் மோட்டர்ப் பட்டியை இறுக்குகிறோம், கிறீஸ் போடுகிறோம். சுவரிலுள்ள ஸ்ராட்டர் பெட்டியை மட்டும் அது எரியும்வரை ஒருவரும் திரும்பிப் பார்ப்பதில்லை. உள்ளே உமித்தூசி படிந்து, பல்லி முட்டையிட்டு, திருகாணி தளர்ந்து கிடக்கும். தளர்ந்த இடம் சூடேறி வயரின் உறையைக் கருக்கும்.

மும்முனை மின்சாரத்தில் இரு முனைகளுக்கிடையே 400 வோல்ற் உண்டு. சிவப்புப் பொத்தானை அமுக்கினால் மோட்டர்தான் நிற்கும். பெட்டிக்குள் வரும் கம்பிகளில் மின்சாரம் இருந்துகொண்டேயிருக்கும். பலர் ஏமாறுவது இங்கேதான். மின்தொழில் தெரிந்தவரை அழைத்தாலும் இதைக் கவனியுங்கள்: மெயின் சுவிச்சை நிறுத்திப் பூட்டுப் போட்டு, திறப்பை வேலை செய்பவரே மடியில் வைத்திருக்க வேண்டும். பூட்ட வழியில்லையேல், நிறுத்திய பின் மூன்று பியூஸ்களையும் கழற்றித் தம்மோடு வைத்துக்கொள்ளட்டும். காவலுக்கு ஆள் நிறுத்துவது போதாது. அவர் தேநீர் குடிக்கப் போய்விடுவார்.

பின்பு மீற்றரை மின்சாரமுள்ள வேறோர் இடத்தில் வைத்துப் பார்த்து, பெட்டிக்குள் ஒவ்வொரு முனையிலும் பார்த்து, மறுபடி முதலிடத்தில் பார்க்க வேண்டும். பழுதான மீற்றரும் பூச்சியத்தைத்தானே காட்டும்! சில பெட்டிகளுக்கு வேறோர் இணைப்பிலிருந்தும் மின்சாரம் வருவதுண்டு.

தூசியை உலர்ந்த தூரிகையால் எடுங்கள். காற்றடித்தால் இன்னும் உள்ளே போய் அடையும். கொன்ராக்ரரின் வெள்ளி முனைகள் கறுத்திருப்பது இயல்பு, அரத்தால் தேய்க்கவேண்டாம். திருகாணிகளை இறுக்கி, வயர் நுழையும் துவாரங்களை அடைத்துவிடுங்கள். ஓவர்லோட் அடிக்கடி விழுந்தால் அதன் அளவைக் கூட்டாதீர்கள். மோட்டர்த் தகட்டிலுள்ள அம்பியர்தான் அதன் அளவு; கோளாறு பெரும்பாலும் பெயரிங்கிலோ, அறுந்துபோன ஒரு முனையிலோ இருக்கும்.