பால் மரத்தின் நீர்வழிப் பகைவன்

1877ஆம் ஆண்டில் சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவுக்கு 22 ரப்பர்க் கன்றுகள் வந்து சேர்ந்தன. பின்னர் அப்பூங்காவின் தலைவராக விளங்கிய ரிட்லி, மரத்தை மாய்க்காமல் பட்டையைச் சீவிப் பால் எடுக்கும் முறையை வகுத்தார். சீவிய பட்டை மீண்டும் வளரும். மீண்டும் பால் தரும். அந்த இளம் பட்டையையே அழிக்கும் நுண்ணுயிர் ஒன்று உண்டு. அதனை அடையாளம் காணும் வகையை இங்கு அறிவோம்.

அதன் பெயர் பைட்டோப்தோரா. கிரேக்க மொழியில் 'செடிகளை அழிப்பது' என்பது இதன் பொருள். தோற்றத்தில் பூஞ்சணத்தை ஒத்திருப்பினும் இஃது உண்மைப் பூஞ்சணமன்று. நீர்ப்பூசண வகையைச் சேர்ந்தது. ஈரமண்ணிலும் அழுகிய காய்களிலும் தங்கியிருக்கும். மழைக்காலத்தில் இதன் வித்துகள் சாட்டை போன்ற இரண்டு இழைகளால் நீரில் நீந்தும். தெறிக்கும் மழைத்துளியுடன் வெட்டுப்பட்டையை அடையும்.

இதில் பல இனங்கள் உள்ளன. தென்னிந்திய ரப்பர் மரங்களில் கண்ட மீடியை என்னும் இனத்தை மக்ரே 1918இல் விவரித்தார். பட்லர் 1907இல் பனையில் கண்டு விவரித்த பால்மிவோரா ரப்பரையும் டுரியானையும் தாக்கும். சிராங்கூன் சாலைக் கடைகளில் நாம் வாங்கும் வெற்றிலையின் கொடியை அழுகச் செய்வதும் இக்குடும்பமே.

ஆய்வாளர் ஐயத்துக்குரிய மண்ணை நீரில் கலந்து, நலமான இலைத்துண்டுகளை மிதக்கவிடுவர். நீந்திவரும் வித்துகள் அவற்றைப் பற்றிப் புள்ளிகளை உண்டாக்கும். பின்னர் நுண்ணோக்கியில் எலுமிச்சை வடிவ வித்துப்பைகளைக் காண்பர். பையின் காம்பு மிகக் குறுகியிருப்பின் பால்மிவோரா. சற்று நீண்டிருப்பின் மீடியை.

நுண்ணோக்கி இல்லாத நமக்கும் சில அடையாளங்கள் உண்டு. வெட்டுக்கு மேலே பட்டை நிறம் மாறிக் குழிந்திருக்கும்; அதனை அகற்றினால் மரத்தின்மேல் நெடுக்காகக் கருங்கோடுகள் தெரியும். பச்சை இலைகள் காம்போடு உதிரும். காம்பின் கரும்புள்ளி நடுவே உறைந்த பால்துளி வெண்மையாக நிற்கும். வெட்டுப்பட்டையில் சாம்பல் நிறப் பூசணம் படர்ந்திருப்பின் அது வேறு நோய். உண்மைப் பூஞ்சணத்தால் வருவது. கத்தி வழியாகவும் பரவும்.

இவ்வேறுபாட்டை அறிதல் இன்றியமையாதது. நீர்ப்பூசணத்தை அடக்கும் மெட்டலாக்சில் மருந்து உண்மைப் பூஞ்சணத்தை அடக்காது. நோயைத் தவறாகக் கருதினால் மருந்தும் வீண், பட்டையும் வீண்.

ஆதலின், பட்டை ஈரமாயிருக்கையில் பால் சீவுதலைத் தவிர்த்திடுக. கருங்கோடு கண்டால் மரத்துக்கு அடையாளமிட்டு அன்றே மேற்பார்வையாளரிடம் தெரிவித்திடுக. நாள்தோறும் ஒவ்வொரு மரத்தின் முன்னும் நிற்பவர் பால் வெட்டுபவரே. நோயை முதலில் காணத்தக்க கண்களும் அவருடையவையே.