பிறர் குடைந்த குகைக்கு ஒரு முகமண்டபம்

சித்தன்னவாசலில் அறிவர் கோயில் என்னும் சமணக் குகைக்கோயிலின் முகப்பையொட்டிய பாறையில், ஒன்பதாம் நூற்றாண்டிலே பாண்டியன் ஸ்ரீமாற ஸ்ரீவல்லபன் காலத்தில், மதுரை ஆசிரியன் இளங்கௌதமன் என்னும் சமண ஆசாரியர் அர்த்தமண்டபத்தைப் புதுக்கி முகமண்டபத்தையும் எடுப்பித்த செய்தி செய்யுளாகப் பொறிக்கப்பட்டிருக்கிறது. தாம் குடையாத குகைக்குத் தாம் செய்தது எவ்வளவு என்பதைக் கூட்டாமலும் குறைக்காமலும் எழுதிவைத்த அந்த நேர்மையை, திறமூலக் கணினிமொழி ஒன்றுக்குத் தம்மாலான கைங்கரியம் செய்ய முற்படுகிறவர்கள் முதலில் பயில வேண்டும் என்பது என் அபிப்பிராயம். அவர் எடுப்பித்த முகமண்டபம் இன்று இல்லை. இப்போது காணும் தூண்கள் பிற்காலத்தில் குடுமியான்மலையிலிருந்து கொணர்ந்தவை. ஆனால் குறிப்பு நிற்கிறது.

சித்தன்னவாசல் வட்டாரத்தில் வாழும் நான் கண்மாயின் நீர்மட்டத்தை வீட்டிலிருந்தே அறியும் உத்தேசத்துடன் மைக்ரோபைதான் மொழியைக் கையிலெடுத்தேன். டேமியன் ஜார்ஜ் என்பவர் 2013-இல் பொதுமக்களிடம் நிதி திரட்டி, சிறு சில்லுகளில் இயங்கும்படி ஆக்கிய பைதான் அது. அதன் முதற் பலகையில் வைஃபை கிடையாது. 2016-இல் மீண்டும் பொதுநிதி திரட்டி, மலிவான இ.எஸ்.பி. 8266 சில்லுக்கு அம்மொழியைக் கொண்டுசென்றபோதுதான் கம்பியில்லா இணைப்பு அதன் சாதாரணப் பயனாளர்களுக்குச் சௌகரியமாக வாய்த்தது. 2022-இல் வைஃபை கொண்ட ராஸ்பெர்ரி பை பிகோ டபிள்யூ பலகை வந்தபின், ஆர்வலர் கூட்டமும் பெருகிற்று, சந்தேகங்களும் பெருகின.

அந்த மொழிக்கு நான் அனுப்பியவை பெரும்பாலும் விளக்கக் குறிப்புகளும் சிறு திருத்தங்களுமே. ஆயினும் அவற்றுக்காகச் செய்த பிரயாசை, நிரல் எழுதுவதைவிட நிரலுக்குக் கீழே என்ன இருக்கிறது என்று பார்ப்பதிலேயே பெரும்பாலும் செலவாயிற்று. நாம் எழுதும் ஒற்றை வரி ‘இணை’ என்ற கட்டளைக்குக் கீழே, சுவீடனைச் சேர்ந்த ஆடம் டங்கெல்ஸ் உருவாக்கிய எல்.டபிள்யூ.ஐ.பி. என்னும் வலையடுக்கு ஒன்று. அதற்கும் கீழே சி மொழியில் எழுதிய டிரைவர். அதற்கும் அடியில், எவரும் திறந்து வாசிக்க இயலாத ரேடியோச் சில்லின் உள்நிரல். பிகோ டபிள்யூவில் அந்த உள்நிரல், இருநூறு கிலோபைட்டுக்கும் மேற்பட்டது, ரேடியோச் சில்லுக்கு மின்சாரம் கொடுத்து இயக்கும் ஒவ்வொரு முறையும் புதிதாக ஏற்றப்படுகிறது. கோளாறு இந்த அடுக்குகளில் எதைச் சார்ந்தது என்று நிர்ணயிக்காமல் திருத்தம் எழுதத் தொடங்குவது வீண் வேலை. இதற்கு ஒரு சுலபமான சோதனை உண்டு: அப்பலகையின் சிறுவிளக்கு முதன்மைச் சில்லோடு அன்றி ரேடியோச் சில்லோடு இணைக்கப்பட்டிருப்பதால், விளக்கு நம் சொற்படி எரிந்து அணையுமாயின், உள்நிரல் ஏறிவிட்டது, இரு சில்லுகளும் பேசிக்கொள்கின்றன என்று கொள்ளலாம்.

அடுத்தது தேசக்குறி, அதாவது பலகை எந்த நாட்டில் இயங்குகிறது என்று அதற்குச் சொல்லும் அமைப்பு. இந்தியாவில் 2.4 முதல் 2.4835 கிகாஹெர்ட்ஸ் வரையிலான அலைவரிசை 2005-ஆம் ஆண்டின் விதிகளால் உரிமம் வேண்டாததாயிற்று. அதனால் பதின்மூன்றாம் சேனல் வரை இங்கே பயன்படுத்தலாம். அமெரிக்கச் சாதனங்களோ பொதுவாகப் பதினொன்றோடு நின்றுவிடும். தேசம் குறிப்பிடப்படாத பலகை உலகப் பொதுவான எச்சரிக்கையான வரம்பையே கைக்கொள்வதால், பதின்மூன்றாம் சேனலில் ஒலிபரப்பும் ரூட்டர் பக்கத்து அறையில் இருந்தும் பலகையின் கண்ணுக்குப் படாமல் போகலாம். ‘என் ரூட்டர் தெரியவில்லை’ என்று முறையிடுபவரிடம் முதலில் அவர் எந்த நாட்டவர் என்று விசாரிப்பது, கேட்கச் சற்று வேடிக்கையாக இருந்தாலும், பலமுறை வீண் ஆராய்ச்சியைத் தவிர்த்திருக்கிறது.

ரேடியோவின் தூக்கத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். ரூட்டர் சுமார் 102 மில்லிசெகண்டுக்கு ஒருமுறை தன் இருப்பை அறிவிக்கும். மின்சாரத்தைச் சேமிக்க விரும்பும் ரேடியோ, அந்த அறிவிப்புகளுக்கு இடையே கண்ணயர்ந்துவிடும். ஆகவே வெளியிலிருந்து வரும் செய்தி ரூட்டரில் காத்துக் கிடந்து தாமதமாகச் சேர்வதைக் கண்டு, டிரைவர் மந்தமாயிருக்கிறது என்று புதியவர்கள் திருத்தம் எழுதக் கிளம்பிவிடுகிறார்கள். அமைப்பை மாற்றித் தூக்கத்தை நிறுத்தினால் பதில் உடனே வரும். ஆனால் சூரியத்தகட்டையும் சிறு பேட்டரியையும் நம்பிக் கண்மாய்க் கரையில் நிற்கும் கருவிக்கு அது கட்டுப்படியாகாது. இத்தகைய இடங்களில் நிரலை மாற்றுவதைவிட, காரணத்தை விளக்கும் நான்கு வரிகளை ஆவணத்தில் சேர்ப்பதே உத்தமமான உபகாரம்.

வெளிப்பரீட்சைக்கு இந்த ஊர் வாய்ப்பானது. புராதனச் சின்ன எல்லைக்கு அப்பால், சித்தன்னவாசல் குன்றையொட்டிய பொட்டலில் கைப்பேசியையே ரூட்டராக வைத்துக்கொண்டு பலகையோடு விலகி நடந்தால், சமிக்ஞை எவ்வாறு தளர்கிறது என்பதை எண்ணிலேயே காணலாம். தூரம் இருமடங்காகும்போது 6 டெசிபல் குறையும் என்பது வெற்றுவெளிக் கணக்கு; தரையோடு தாழ்ந்த நிலையில் அதைவிட விரைவாகவே குறைகிறது. குன்றின் ஒரு பக்கத்தில் கைப்பேசியும் மறுபக்கத்தில் பலகையுமாக வைத்தாலோ இணைப்பு அறுந்தேபோகும். இணைப்பு அறுந்தபின் மொழி என்ன நிலையை அறிவிக்கிறது, தானே மீள முயல்கிறதா என்பவற்றைச் சோதிக்க இதைவிட நல்ல சுவர் கிடைப்பது அரிது.

இனி, திருத்தத்தை அனுப்பும் முறை. மாற்றத்தின் தலைப்புவரி, எந்தப் பகுதியைச் சார்ந்ததோ அதன் பெயரில் தொடங்கி, 72 எழுத்துக்குள் அடங்கி, முற்றுப்புள்ளியோடு முடிய வேண்டும். கடைசியில் அனுப்புபவர் தம் பெயரும் மின்னஞ்சலும் இட்டு ஒப்பமிட வேண்டும். மாற்றத்தால் நிரலின் அளவு எத்தனை பைட் கூடிற்று என்பதையும் தானியங்கிச் சோதனை அறிவித்துவிடும். பிகோ டபிள்யூவின் 264 கிலோபைட் நினைவகத்தில் குடித்தனம் நடத்தும் மொழியில் பைட்டுக்கும் மதிப்புண்டு. பரிசீலிப்போர் ஏறக்குறைய தவறாமல் கேட்கும் கேள்வி, இணைப்பு கிடைக்காதபோது என்ன ஆகிறது என்பதுதான். ஆகையால் ரூட்டரை அணைத்தும், கடவுச்சொல்லைப் பிழையாகக் கொடுத்தும், இணைந்திருக்கும்போதே தூரம் கொண்டுபோயும் எடுத்த பதிவுகளை, எந்தப் பலகை, எந்தப் பதிப்பு, எந்தத் தேசக்குறி என்ற விவரத்தோடு முதற் கடிதத்திலேயே சேர்த்துவிட்டால், பாதிக் கடிதப் போக்குவரத்து மிச்சமாகும்.